சிரியஸ்: கட்டிடம் தப்பியது, குடியிருந்தவர்கள் தப்பவில்லை

சிட்னி துறைமுகப் பாலத்தின் தெற்கு முனையை ஒட்டி, கான்கிரீட் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி ஒரு கட்டிடம் நிற்கும். ஜன்னலைத் திறந்தால் ஓபரா ஹவுஸ். பெயர் சிரியஸ். மொத்தம் 79 வீடுகள். வசதி குறைந்தவர்களுக்கு அரசே கட்டி, குறைந்த வாடகைக்கு விட்டது. இவ்வளவு விலை போகும் கரையில் அவர்கள் எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்பதுதான் இந்தக் குறிப்பு.

கதை 1900-ல் தொடங்குகிறது. அந்த வருஷம் சிட்னியில் பிளேக். துறைமுகத்தை ஒட்டிய தி ராக்ஸ், மில்லர்ஸ் பாயிண்ட் பகுதிகளை நியூ சவுத் வேல்ஸ் அரசு மொத்தமாகக் கையகப்படுத்தியது. அடுத்து வந்த துறைமுக டிரஸ்ட், கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கு அங்கே வீடுகளை வாடகைக்கு விட்டது. தலைமுறை தலைமுறையாக அதே தெருவில் இருந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் நிலம் அரசுடையது, குடியிருப்பவர் வாடகைதாரர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1960-களின் கடைசியில் தி ராக்ஸின் பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி அலுவலகங்கள் கட்டலாம் என்று அரசு முடிவு செய்தது. அதற்கென்றே தனி ஆணையமும் வந்தது. 1971-ல் நீட்டா மக்ரே தலைமையில் குடியிருப்பாளர்கள் ஒன்று சேர்ந்து, கட்டிடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் ஜாக் மண்டி. "எங்க ஆட்கள் இடிக்க வரமாட்டாங்க"ன்னு சங்கம் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், புல்டோசர் ஓட்ட ஆள் இல்லை. இதற்குப் பெயர்தான் பசுமைத் தடை. 1973-ல் சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்து இடிக்கப் பார்த்தார்கள். மறியல் நடந்தது, மண்டி உட்படப் பலர் கைதானார்கள். கடைசியில் ஆணையம் இறங்கி வந்தது. பழைய தெருக்கள் பெருமளவு தப்பின.

அந்தப் போராட்டத்தின் பலன்தான் சிரியஸ். மறுசீரமைப்பில் வீடு இழந்தவர்கள் அதே பகுதியிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, கட்டிடக் கலைஞர் டாவோ கோஃபர்ஸ் வடிவமைத்தது. 1980 வாக்கில் வேலை முடிந்தது. தனியாக வாழும் முதியவருக்குச் சின்ன வீடு, பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பெரிய வீடு, மொட்டைமாடியில் தோட்டம், எல்லோரும் கூடிப் பேச ஒரு பொது அறை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அசிங்கம் என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

2014 மார்ச்சில் மாநில அரசு அறிவித்தது: சிரியஸ் உட்பட இப்பகுதியில் 293 அரசு வீடுகள் விற்பனைக்கு. பழைய வீடுகளின் பராமரிப்புச் செலவு அதிகம், இங்கே ஒரு வீட்டை விற்றால் வேறிடத்தில் பல வீடுகள் கட்டலாம், வீட்டுக்காகப் பல்லாயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்பது அரசின் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வரிசையில் நிற்பவரும் ஏழைதானே? ஆனால் எழுபது, எண்பது வயதில் தெருவை, டாக்டரை, பக்கத்து வீட்டு சிநேகிதத்தை விட்டுப் போகிறவரின் இழப்பு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. சிரியஸைப் பாரம்பரியக் கட்டிடமாக அறிவிக்க மாநிலப் பாரம்பரியக் குழு பரிந்துரைத்தது. 2016-ல் அமைச்சர் மறுத்தார். 2017-ல் நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. சில மாதங்களில் புதிய அமைச்சர் மறுபடியும் மறுத்தார். 2018 தொடக்கத்தில் கடைசிக் குடியிருப்பாளரும் வெளியேறினார். 2019-ல் கட்டிடம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் இடிக்கவில்லை. புதுப்பித்து, சொகுசு வீடுகளாக மாற்றினார்கள்.

பக்கத்திலுள்ள மில்லர்ஸ் பாயிண்ட் விஷயம் இன்னும் விசித்திரம். அது முன்பே பாரம்பரியப் பதிவேட்டில் இருந்த பகுதி. அந்தப் பதிவால் கதவின் வடிவத்தைக்கூட மாற்ற விடாமல் தடுக்க முடியும். கதவுக்குப் பின்னால் வாழ்கிறவரைக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்க முடியாது. சில முதியவர்களுக்கு மட்டும் அதே பகுதியில் இடம் ஒதுக்கினார்கள்.

லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள காயின் ஸ்ட்ரீட்டை இதோடு ஒப்பிடலாம். அலுவலகக் கட்டிடத் திட்டத்தை எதிர்த்த உள்ளூர்க்காரர்கள், 1984-ல் சுமார் 13 ஏக்கரைத் தங்கள் சமூக நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கினார்கள். என்ன கட்டலாம் என்ற நிபந்தனை இருந்ததால் விலை குறைந்தது. அங்கே கட்டிய வீடுகளைக் குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன.

இரண்டு இடத்திலும் மக்கள் ஒரே மாதிரிதான் போராடினார்கள். வித்தியாசம் பத்திரத்தில். சிட்னியில் ஜெயித்தவர்களுக்குக் கிடைத்தது ஓர் அரசின் வாக்குறுதி. அரசு மாறினால் அதுவும் மாறும். லண்டனில் நிலமே கைக்கு வந்தது. கரையோரத் திட்டம் எந்த ஊரில் வந்தாலும், வரைபடத்தில் மரம் எத்தனை, மாடி எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் நாற்பது வருஷம் கழித்து அந்த நிலம் யார் பெயரில் இருக்கும் என்று கேட்க வேண்டும்.