இன்டைரெக்ட்: ஒரு மேக்ரோவின் மறைவு

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள் குடியிருந்த ‘இன்டைரெக்ட்’ என்ற மேக்ரோ, அதாவது ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு, புழக்கத்திலிருந்து போய்ப் பத்தாண்டுக்கு மேலாகிறது. வழியனுப்பி வைத்தவர் அதைப் பெற்றவர்களில் ஒருவரேதான். ஆண்ட்ரூ ஹேய்ஸ் 2013-இல் தம்முடைய நூலோடு ‘ப்ராசஸ்’ என்ற பெரிய மேக்ரோவைப் பரப்பினார். இன்டைரெக்டும் அதன் உடன்பிறப்புகளான சோபல், மோட்மெட் இரண்டும் கைவிடப்பட்டன. உளவியலிலும் சந்தையியலிலும் 2008-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வேடு எழுதியவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்கு, அது என்ன வேலை பார்த்தது என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலையிழந்தவர்களிடம் நடத்திய ‘ஜாப்ஸ்-2’ ஆய்வை எடுத்துக்கொள்வோம். வேலை தேடும் முறை பற்றி ஒரு சாராருக்குப் பயிற்சிப் பட்டறை, மற்றவர்களுக்கு வெறும் கையேடு. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. பயிற்சியால் மனச்சோர்வு குறைந்ததா என்பது முதல் கேள்வி. குறைந்தது என்றால் எந்த வழியாக? ‘என்னால் வேலை தேடிக்கொள்ள முடியும்’ என்ற நம்பிக்கை வளர்ந்து, அதனால் சோர்வு குறைந்ததா? நடுவில் நிற்கும் அந்த நம்பிக்கைதான் இடைநிலை மாறி. பயிற்சி நம்பிக்கையை எவ்வளவு கூட்டுகிறது என்பதற்கு ஓர் எண், நம்பிக்கை சோர்வை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு ஓர் எண். இரண்டையும் பெருக்கினால் மறைமுக விளைவு வந்துவிடும்.

பெருக்குவது எளிது. வந்த விடையை நம்பலாமா என்பதில்தான் சிக்கல். ரூபன் பேரனும் டேவிட் கென்னியும் 1986-இல் எழுதிய கட்டுரை ஒரு படிவரிசையைக் கொடுத்தது. ரெக்ரஷன்களை ஒவ்வொன்றாக ஓட்டி, ஒவ்வொரு படியிலும் தேறினால்தான் அடுத்தது. இதில் தேறுவதற்கு ஆள்பலம் வேண்டும். விளைவுகள் சிறியவையாக இருந்தால், முழுக்க முழுக்க இடைநிலை மாறி வழியாகவே நடப்பதை இந்தப் படிகளால் கண்டுபிடிக்க 20,886 பேர் தேவை என்று ஃப்ரிட்ஸும் மெக்கின்னனும் 2007-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். எந்த முனைவர் பட்ட மாணவர் அத்தனை பேரிடம் கேள்வித்தாளை நீட்டப் போகிறார்? இன்னொரு வழி மைக்கேல் சோபல் 1982-இல் தந்த சூத்திரம். அது பெருக்குத்தொகை மணிவடிவப் பரவலில் அமையும் என்று எடுத்துக்கொண்டது. சிறிய மாதிரிகளில் அப்படி அமைவதில்லை, ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கிறிஸ்டபர் ப்ரீச்சரும் ஹேய்ஸும் 2004-இல் ஒரே இடைநிலை மாறிக்கும், 2008-இல் பல இடைநிலை மாறிகளுக்கும் மேக்ரோ எழுதியது இந்த இடத்தில்தான். 2008-இல் வந்தது இன்டைரெக்ட். எந்தப் பரவலையும் அது முன்கூட்டி நம்பவில்லை. கையிலிருக்கும் தரவிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டுப் போட்டு, ஆயிரக்கணக்கான மாதிரிகளை உருவும். ஒவ்வொன்றிலும் பெருக்கிப் பார்த்து, விடைகளை வரிசைப்படுத்தி, இரு ஓரங்களையும் கழித்து மிச்சத்தை நம்பக இடைவெளியாகக் காட்டும். அந்த இடைவெளிக்குள் பூஜ்ஜியம் இல்லையென்றால் மறைமுக விளைவு உண்டு என்று சொல்லலாம், ஆய்வாளருக்கு அன்று நல்ல நாள்.

அதோடு பழகுவது ஒரு தனிக் கலை. சிண்டாக்ஸ் கோப்பைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து ஓட்ட வேண்டும். எதுவும் நடந்ததாகத் தெரியாது. அதுதான் சரியாக நடந்ததற்கு அடையாளம். பிறகு ஒரே வரியில் கட்டளை, கடைசியில் முற்றுப்புள்ளி. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் மேட்ரிக்ஸ் மொழியில் எழுதப்பட்டது என்பதால் மாறியின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. அதற்காகவே அழகான பெயர்களெல்லாம் வெட்டப்பட்டு, இரண்டு மாதம் கழித்துச் சூட்டியவருக்கே புரியாத குறியீடுகளாயின. வயது, பாலினம் போன்ற கட்டுப்பாட்டு மாறிகளை இடைநிலை மாறிகளின் பட்டியலிலேயே கடைசியில் எழுதி, கடைசி எத்தனை என்பதைத் தனியே சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் வயதும் ஓர் இடைநிலை மாறியாகிவிடும். மேக்ரோ மறுப்புச் சொல்லாது. பயிற்சிக்குப் போனதால் வயது மாறி, வயது மாறியதால் மனச்சோர்வு குறைந்தது என்பதையும் நம்பக இடைவெளியோடு கணக்கிட்டுக் கொடுக்கும்.

அதன் குணமே அதுதான். கொடுத்ததைப் பெருக்கும், எதற்கு என்று கேட்காது. இரங்கல் எழுதும்போது குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் அது மறைந்ததன் பொருள் விளங்காது. பயிற்சி குலுக்கலில் விழுந்தது, நம்பிக்கை விழவில்லை. இயல்பிலேயே உற்சாகமானவருக்கு நம்பிக்கையும் கூடுதலாக இருக்கும், சோர்வும் குறைவாக இருக்கும். அப்போது இரண்டாவது எண், நம்பிக்கை செய்த வேலையை அளக்கிறதா, சுபாவத்தை அளக்கிறதா? இது புதிய ஐயமும் அல்ல. சார்ல்ஸ் ஜட்டும் அதே கென்னியும் 1981-இலேயே எச்சரித்திருந்தார்கள். உலகம் மேற்கோள் காட்டியதோ 1986 கட்டுரையை. எச்சரிக்கை பழைய கட்டுரையிலேயே தங்கிவிட்டது.

வேறொரு குடும்பம் இதே கேள்வியை வேறு வழியில் வளர்த்துக்கொண்டிருந்தது. கொள்ளைநோயியலில் ராபின்ஸும் கிரீன்லாந்தும் 1992-இல், பிறகு ஜூடியா பெர்ல் 2001-இல், பெருக்குவதற்கு முன்பே ‘பயிற்சி பெற்ற ஒருவருக்கு, பெறாதிருந்தால் இருந்திருக்கும் நம்பிக்கையே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று கேட்டார்கள். யாரும் கண்ணால் காண முடியாத நிலை அது. அந்த வழியில் கொசுகே இமாயும் உடன் பணியாற்றியவர்களும் ஆர் மொழியில் ‘மீடியேஷன்’ என்ற தொகுப்பைக் கொடுத்தார்கள். ஜாப்ஸ்-2 தரவு அதனுடனேயே வருகிறது. அதிலுள்ள ‘மெட்சென்ஸ்’ செய்வதுதான் இன்டைரெக்ட் ஒருபோதும் செய்யாதது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுபாவத்துக்கு ரோ என்று ஓர் எண் கொடுத்து, அது எவ்வளவு பெரிதானால் உங்கள் மறைமுக விளைவு பூஜ்ஜியமாகும் என்று படம் போட்டுக் காட்டும். சிலருக்கு அந்தப் படத்தை ஆய்வேட்டில் சேர்க்க மனம் வராது. எனக்கு அதுவே அந்தத் தொகுப்பின் பெருமையாகத் தெரிகிறது.

இன்டைரெக்ட் பார்த்த வேலையை இப்போது ப்ராசஸின் மாடல் 4 பார்க்கிறது. கட்டுப்பாட்டு மாறிகளுக்குத் தனி இடம் உண்டு, வயதை இடைநிலை மாறியாக்குவது இனி அவ்வளவு சுலபமல்ல. கட்டளை எழுதத் தயங்குபவருக்குச் சுட்டியால் தட்டிவிடச் சிறு சன்னலும் உண்டு. ஆனால் மாடல் 4-இன் வழக்கமான முடிவுத்தாளில் ரோவுக்கு ஒரு வரி கிடையாது.