சூடோ

லினக்ஸில் கட்டளைக்கு முன்னால் தட்டும் 'சூடோ', 'சூப்பர்யூசர் டூ' என்பதன் சுருக்கம். முதன்மைப் பயனராக, அதாவது 'ரூட்' ஆகச் செய் என்று பொருள். 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காகிஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் இதை எழுதினார்கள். 'மாற்றுப் பயனராகச் செய்' என்றும் இப்போது விரிக்கிறார்கள். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. ரூட்டாக மட்டுமல்ல, வேறு எந்தப் பயனராகவும் இதன்வழி கட்டளையை இயக்கலாமே.

அதிகாரத்தை அளந்து கொடுப்பதுதான் இதன் அருமை. யார், எந்தக் கணினியில், யாராக, எந்தக் கட்டளையை இயக்கலாம் என்பதை 'சூடோயர்ஸ்' கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். வலைச் சேவையகத்தை மறுதொடக்கம் செய்ய மட்டும் ஒருவருக்கு அனுமதி தரலாம். அவருக்கு ரூட் கடவுச்சொல் தெரியவேண்டியதில்லை. ஆனால் 'விம்' போன்ற உரைத்தொகுப்பியை ரூட்டாக இயக்க யோசிக்காமல் அனுமதித்தால், அதற்குள்ளிருந்தே கட்டளைகளை இயக்கும் ஷெல்லைத் திறந்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.