வீட்டு எரிசக்தித் திறன் விதிகளும் வீடு விற்பனையும்

ஒரு வீடு வெயிலை எந்த அளவுக்கு உள்ளே விடலாம், எவ்வளவு மின்சாரம் செலவழிக்கலாம் என்று அரசு வகுக்கும் வரம்புகளும், அந்த அளவை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வீட்டு எரிசக்தித் திறன் விதிகள் எனப்படும். ஐரோப்பிய நாடுகளில் இவை பெரும்பாலும் வீடு கைமாறும் வேளையில் குறுக்கிடுகின்றன. இந்தியாவில் இவை கட்டட அனுமதியோடு நின்றுவிடுகின்றன. கட்டி முடித்த வீட்டை விற்க எரிசக்திச் சான்று எதுவும் இந்தியச் சட்டத்தில் கேட்கப்படுவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் உள்ள கரியாலூர் போன்ற ஊர்களில், வீட்டின் அளவு காரணமாகக் கட்டும்போதுகூட இவ்விதிகள் எட்டிப் பார்ப்பதில்லை.

சட்டப் பின்னணி

நாடாளுமன்றம் 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 2002 மார்ச் 1 அன்று எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. குளிர்சாதனப் பெட்டியிலும் மின்விசிறியிலும் காணப்படும் நட்சத்திர முத்திரையை வழங்குவது இப்பணியகமே. கட்டடங்களுக்கான முதல் விதித்தொகுப்பு 2007இல் வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. அது வணிகக் கட்டடங்களை மட்டுமே கருதியது. அக்காலச் சட்டத்தில் கட்டடம் என்பதன் வரையறைக்குள் குடியிருப்பு வீடுகள் வரவில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், அலுவலகங்களையும் குடியிருப்புகளையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களே இதன் இலக்கு. மாநில அரசுகள் விரும்பினால் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். தனி வீட்டுக்காரர் ஒருவர் 100 கிலோவாட்டைத் தொடுவது அரிது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கே இது பொருந்தும். தமிழ்நாட்டில் இச்சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநில மின் ஆய்வுத் துறையிடம் உள்ளது.

ஈகோ நிவாஸ் சம்ஹிதா

குடியிருப்புகளுக்கென்றே எழுதப்பட்ட விதித்தொகுப்பு ஈகோ நிவாஸ் சம்ஹிதா. சுவர், கூரை, சன்னல் ஆகிய கட்டட உறைக்கான அதன் முதல் பகுதி 2018 டிசம்பர் 14 அன்று, தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளில் வெளியானது. 2021இல் மின்சாதனங்களையும் உள்ளடக்கி விரிவாக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்காக எழுதப்பட்டது. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 12 சென்ட், அதாவது இரண்டேகால் கிரவுண்ட். அரை கிரவுண்ட் மனையில் வீடு கட்டுபவரை இது தொடுவதில்லை.

தொகுப்பின் மையத்தில் மூன்று அளவுகள் உள்ளன. முதலாவது, சுவரும் சன்னலும் சேர்ந்து உள்ளே கடத்தும் வெப்பம். குளிர் மண்டலம் தவிர மற்ற இடங்களில் இது ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, கூரையின் வெப்பக் கடத்து மதிப்பு. சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டில் 1.2 வாட் என்பது இதன் உச்சவரம்பு. மூன்றாவது, திறக்கக்கூடிய சன்னல் பரப்புக்கும் தரைப் பரப்புக்கும் உள்ள விகிதம். வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் இது 16.66 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

இந்த மூன்றாவது அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விதியின் கடுமை புரியும். தரைப் பரப்பு 600 சதுர அடி கொண்ட வீட்டுக்குத் திறக்கும் பரப்பு மட்டும் 100 சதுர அடி வேண்டும். 4 அடிக்கு 4 அடி சன்னல் முழுக்கத் திறந்தால் 16 சதுர அடி. அப்படி ஆறு வைத்தும் நான்கு சதுர அடி குறையும். அதையே தள்ளு கதவாக வைத்தால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும் என்பதால் கணக்கும் பாதியாகிவிடும். பால்கனிக்குத் திறக்கும் கதவு இக்கணக்கில் சேரும். மாடிப்படி நடைக்குத் திறக்கும் வாசல் கதவு சேராது.

கூரை விதியும் அப்படித்தான். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள வெறும் கான்கிரீட் தளத்தின் கடத்து மதிப்பு 3க்கு மேல். விதி கேட்பதைப் போல் இது இரண்டரை மடங்குக்கும் அதிகம். மேலே சுருக்கி போட்டுத் தட்டு ஓடு பதித்தாலும் மதிப்பு 1.2க்கு இறங்காது. ஓட்டுக்கு அடியில் ஐந்து சென்டிமீட்டர் வெப்பத்தடுப்பு நுரைப்பலகை வைத்தால்தான் 1க்குக் கீழே வரும். வெள்ளைப் பூச்சும் கூலிங் டைலும் வெயிலைத் திருப்பி அனுப்பி அறையைக் குளிர்விப்பது உண்மை. ஆனால் அவை கடத்து மதிப்பைக் குறைப்பதில்லை.

வீட்டுக்கான நட்சத்திர முத்திரை

குடியிருப்புகளுக்கான நட்சத்திர முத்திரைத் திட்டத்தைப் பணியகம் 2019 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. ஓராண்டில் ஒரு சதுர மீட்டருக்குச் செலவாகும் மின்சாரத்தை யூனிட்டில் கணக்கிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார்கள். இது விருப்பத் திட்டம். முத்திரை இல்லாத வீட்டை விற்கத் தடையில்லை. இருக்கும் வீட்டுக்குப் பத்திரப் பதிவில் சலுகையும் இல்லை.

தமிழ்நாட்டில் வீடு விற்பனை

தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர் பார்ப்பவை மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது ஆகியவை. மின்சாரம் தொடர்பாக எழும் ஒரே கேள்வி, இ.பி. கார்டு யார் பெயரில் இருக்கிறது, பாக்கி உண்டா என்பதுதான். கூரையில் சூரிய மின் தகடு இருந்தால் இணைப்பின் பெயர் மாற்றத்தில் அதையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

புதிய அடுக்குமாடி வீடுகளில் ஒரு மறைமுகப் பிடிமானம் உண்டு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் சொன்னது பொய்யானால் வாங்கியவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யச் சொல்கிறது. வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் வழி தருகிறது. எனவே ‘ஐந்து நட்சத்திர வீடு’, ‘மின் கட்டணம் பாதியாகும்’ என்று விளம்பரம் செய்யும் கட்டுமான நிறுவனம் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இரண்டாம் கை விற்பனைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பத்திரப் பதிவில் கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது கூரையின் வகை, சுவர், தரை, கட்டடத்தின் வயது ஆகியவை பார்க்கப்படுகின்றன. வெப்பமோ மின் செலவோ அந்தக் கணக்கில் இல்லை.

பிற நாடுகளில்

விற்பனையோடு எரிசக்தி விதியை முதலில் பிணைத்த இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி. அங்கு 1999 முதல் வீடு விற்பவர் அதன் நட்சத்திர மதிப்பை வெளியிட்டாக வேண்டும். 2005, 2006ஆம் ஆண்டுகளின் விற்பனையை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம், அரை நட்சத்திரம் கூடும்போது விலை 1 முதல் 2 விழுக்காடு வரை கூடியதாகக் கண்டது. நெதர்லாந்தில் புரோனென், கோக் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஏ, பி, சி தரம் பெற்ற வீடுகள் 3.7 விழுக்காடு கூடுதல் விலைக்குப் போனதாகக் கணித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆணை, கட்டடங்களை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் சான்று காட்டச் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஆகஸ்ட் 1 முதல் இது வீட்டுத் தகவல் தொகுப்பின் ஒரு பகுதியாக வந்தது. விற்பனையை இழுத்தடிக்கிறது, செலவு வைக்கிறது என்ற எதிர்ப்பால் 2010 மே மாதம் அந்தத் தொகுப்பு நிறுத்தப்பட்டது. எரிசக்திச் சான்று மட்டும் நிலைத்தது. லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ வீடு விற்கும் தமிழரும் ஏ முதல் ஜி வரையான அந்தத் தரத்தை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். சான்று பத்தாண்டு செல்லும். தரம் குறைந்த வீட்டையும் விற்கலாம். வாடகைக்கு விடுவதற்குத்தான் 2018 முதல் படிப்படியாக ‘இ’ தரம் குறைந்தபட்சமாக்கப்பட்டது.

அமெரிக்காவில் 2009 ஜூன் 26 அன்று பிரதிநிதிகள் சபை 219க்கு 212 என்ற வாக்கில் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதாவை நிறைவேற்றியபோது, இனி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் யாரும் வீடு விற்க முடியாது என்ற வதந்தி பரவியது. மசோதாவில் இருந்தது புதுக் கட்டடங்களுக்கான முத்திரைத் திட்டமே. மசோதாவும் செனட்டைத் தாண்டவில்லை. நகர அளவில் மட்டும் சில விதிகள் உண்டு. டெக்சஸின் ஆஸ்டின் நகரம், பத்தாண்டுக்கு மேற்பட்ட வீடுகளை விற்குமுன் எரிசக்தித் தணிக்கை செய்ய 2009 முதல் கோருகிறது.

கரியாலூரும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கில் கல்வராயன் மலை எழுகிறது. வெள்ளிமலையை மையமாகக் கொண்ட மலையூர்களில் ஒன்று கரியாலூர். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். 1976 வரை இம்மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சமவெளியில் தலைமுறைகளாகத் தொடரும் பட்டா, பத்திர நடைமுறை இங்கே பிற்காலத்தில்தான் வந்து சேர்ந்தது. அரசு ஒப்படை செய்த நிலங்களை விற்பதற்கு ஒப்படை நிபந்தனைகளும் குறுக்கே நிற்கும். ஆகவே வீட்டு விற்பனையில் முதலில் எழுவது நிலத்தின் உரிமை பற்றிய கேள்வியே.

இம்மலையில் எரிசக்தி தொடர்பான அரசு நடவடிக்கை விதியாக வரவில்லை; வீட்டுத் திட்டமாக வந்தது. 2011–12இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீட்டை 1.80 லட்ச ரூபாயில், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளோடு தந்தது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. இரண்டு திட்ட வீடுகளும் ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் பரப்பு வரம்புக்கு வெகு கீழே உள்ளவை.

மலையாளிகளின் பழைய வீடு மண் சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்டது. காய்ந்த புல் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். 15 சென்டிமீட்டர் கனத்தில் நெருக்கி வேய்ந்த கூரையின் கடத்து மதிப்பு 0.5ஐ ஒட்டி இருக்கும். விதி கேட்கும் 1.2ஐ அது எளிதில் நிறைவு செய்கிறது. அதற்குப் பதிலாக வந்த வெறும் கான்கிரீட் கூரை நிறைவு செய்வதில்லை. ஆனால் புல் தீப்பிடிக்கும், மழையில் மக்கும், அடிக்கடி மாற்றி வேய வேண்டும். விலை பேசும்போது மச்சு வீட்டுக்கு மதிப்பு கூடுவதும் கூரை வீடு மண்ணோடு சேர்த்துப் பேசப்படுவதும் இதனால்தான்.

விலை கூடாததன் காரணங்கள்

சான்று கட்டாயமான நாடுகளில் நல்ல தரம் விலையைக் கூட்டுவதற்குக் காரணம் எரிபொருள் செலவு. குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்க ஆகும் தொகையை வாங்குபவர் விலையிலேயே கழித்துப் பார்க்கிறார். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி உள்ள மலை வீடு அதற்குள் அடங்கிவிடும். கட்டணமே இல்லாத வீட்டில் மிச்சம் பிடிக்கவும் எதுவும் இல்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க யாருக்கும் அவசியமும் இல்லை.

நகரத்து அடுக்குமாடிகளில் வேறொரு தடை. வெப்பத்தடுப்புக்கான செலவு கட்டுபவருடையது. மின் கட்டணத்தில் வரும் மிச்சம் குடியிருப்பவருடையது. இருவருக்கும் நடுவே நம்பத்தக்க அளவுகோல் இல்லாதவரை கட்டுபவர் அந்தச் செலவைத் தவிர்க்கவே பார்ப்பார். விற்பனையின்போது சான்று காட்டும் கட்டாயம் நிரப்ப முயல்வது இந்த இடைவெளியைத்தான். ஏசி பொருத்திய, இலவச வரம்பைப் பலமுறை தாண்டும் வீடுகளில் அதற்குப் பொருள் உண்டு. கரியாலூரின் திட்ட வீட்டுக்குச் சான்றால் வரும் பயன் சிறிது. அந்த வீட்டின் வெக்கையைத் தணிக்கும் வாய்ப்பு, கூரை போடும் நாளில் வெப்பத்தடுப்புக்கும் சேர்த்துத் திட்டத் தொகை ஒதுக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தது.