3083084: ஒரு டாங்கியின் எழுத்துக்கு உரை

1944 டிசம்பர் 26 மாலை, பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரைச் சூழ்ந்திருந்த ஜெர்மன் முற்றுகையைத் தெற்கிலிருந்து உடைத்துக்கொண்டு ஓர் அமெரிக்க டாங்கி உள்ளே நுழைந்தது. அது சுமந்திருந்த எழுத்துகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம்: ‘யு.எஸ்.ஏ. 3083084’, ‘கோப்ரா கிங்’, ‘ஃபர்ஸ்ட் இன் பாஸ்டோன்’.

யு.எஸ்.ஏ. 30

முதல் மூன்று எழுத்தும் உடைமையைச் சொல்கின்றன. அடுத்துள்ள 30 வண்டியின் வகை. இரண்டு இலக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்; 3-ஐத் தனியே பிரித்தால் டாங்கி லாரியாகிவிடும். 20 என்று தொடங்கினால் ஜீப். அரைச்சங்கிலி வண்டிகளுக்கு 40.

83084

உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஷெர்மன் டாங்கியில் கவசத்தைத் தடிமனாக்கிய ‘ஜம்போ’ என்ற வகை, மிச்சிகன் மாநிலம் கிராண்ட் பிளாங்கில் இருந்த ஃபிஷர் ஆலையில் 1944 மே முதல் ஜூலை வரை தயாரானது. மொத்தம் 254 வண்டிகள். அவற்றுக்குக் கிடைத்த பதிவெண்கள் 3082923 முதல் 3083176 வரை. நம் எண் அந்த வரிசையில் 162-வது. ஆகவே, ஒரு புகைப்படத்தில் டாங்கியின் கோபுரம் மறைந்து எண் மட்டும் தெரிந்தாலும் இது ஜம்போ என்று துணிந்து சொல்லலாம்.

பதிவெண் பெயிண்டில் எழுதியது, மறுபூச்சில் போய்விடும். ஆலை தந்த வரிசை எண்ணோ இரும்பில் பொறித்தது. ஜம்போக்களின் வரிசை எண்கள் 50165-இல் தொடங்குகின்றன. அங்கிருந்து 162-வது எண் 50326. இரண்டு வரிசையும் இப்படி இணையாகவே நடக்கின்றன. ஒன்று அழிந்தாலும் மற்றது அதைக் காட்டிக்கொடுக்கும். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஜெர்மனியில் பெயர் தெரியாமல் இருந்து, கடைசியாக வில்செக் முகாமில் காட்சிக்கு நின்ற டாங்கி ஒன்று, இந்தக் கோப்ரா கிங்தான் என்று உறுதியானது. இன்று அது அமெரிக்க ராணுவத்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோப்ரா கிங்

வீரர்கள் இட்ட பெயர். 37-வது டாங்கி பட்டாலியனின் சி கம்பெனி வண்டி என்பதால் ஆங்கில ‘சி’யில் தொடங்குகிறது. கம்பெனியை ஊகிக்க இது உதவும். வண்டியை அடையாளம் காணப் போதாது. ஒரு டாங்கி போனால் அதே பெயர் அடுத்ததற்கு ஏறும். இதே பட்டாலியனின் தளபதி கிரெய்ட்டன் ஏப்ரம்ஸ் ஏறிய ‘தண்டர்போல்ட்’ ஒரே வண்டியல்ல, அடுத்தடுத்து வந்த பல வண்டிகள்.

ஃபர்ஸ்ட் இன் பாஸ்டோன்

சாக்கட்டியால் எழுதியது. வீரர்கள் ஐவரும் டாங்கியுடன் நிற்கும் புகழ்பெற்ற படத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. படம் டிசம்பர் 26-க்கு முந்தையதல்ல என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ‘முதலில்’ என்பதை முற்றுகையை உடைத்து வந்தவர்களில் முதல் என்றே கொள்ள வேண்டும். 10-வது கவசப் படைப்பிரிவின் டாங்கிகள் முற்றுகைக்கு முன்பே பாஸ்டோனைக் காத்து நின்றன. அந்தப் படைப்பிரிவின் பங்கை இந்த ஒரு வரி மறைத்துவிடக் கூடாது.

மூன்றில் கண்ணைப் பறிப்பது சாக்கட்டி வரி. சான்றாக நிற்பது எண். பழைய ராணுவப் படங்களை ஸ்கேன் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முகங்களைப் பெரிதாக்குவதற்காக வண்டியின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.