குழந்தைகளில் ரத்தப் புற்றுநோயைக் கண்டறிதல்

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா' வகை. 2 முதல் 5 வயதுக்குள் அதிகம் வரும். எலும்பு மஜ்ஜையில் 'பிளாஸ்ட்' எனப்படும் முதிராத வெள்ளணுக்கள் பெருகி, மற்ற அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்துவிடுகின்றன. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறிச் சோர்கிறது. நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. தட்டணு குறைவதால் ரத்தம் கசிகிறது.

இந்த ரத்தக் கசிவின் அடையாளத்தைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் குளிப்பாட்டும் தாய்தான். தோலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். விரலால் அழுத்தினாலும் மறையாது. ஓடியாடும் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே கன்றியிருப்பது இயல்பு. அடிபடாமலே முதுகிலும் வயிற்றிலும் கன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தில் நெறிகட்டுதல், கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு உப்புதல் ஆகியவையும் அறிகுறிகளே.

அதிகம் ஏமாற்றுவது எலும்பு வலி. நேற்றுவரை ஓடிய குழந்தை நொண்டுகிறது, இடுப்பை விட்டு இறங்க மறுக்கிறது, இரவில் வலியால் விழிக்கிறது. வளரும் வயதின் வலி என்று விட்டுவிடுகிறோம். மூட்டுவாதம் என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ஸ்டீராய்டு பிளாஸ்டுகளையும் அழிக்கும் மருந்து என்பதால், நோய் சில வாரங்கள் பதுங்கிவிடும். காரணம் தெளிவாகாத எலும்பு வலிக்கு ரத்தம் பார்க்காமல் ஸ்டீராய்டு தரவே கூடாது.

முதல் சோதனை எளியது: முழு ரத்த அணு எண்ணிக்கை. வெள்ளணு மிகுந்தால்தான் இந்நோய் என்பது தவறான எண்ணம். இயல்பாகவோ குறைவாகவோகூட இருக்கலாம். எனவே கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பது கட்டாயம். ரத்தத்தில் பிளாஸ்ட் தென்படாவிட்டாலும் ஐயம் நீடித்தால், குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜை எடுக்கப்படும். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே அவசியம்: நெஞ்சினுள் கட்டியிருந்தால் மயக்கநிலையில் மூச்சுக்குழல் அழுந்தக்கூடும்.

மஜ்ஜை அணுக்களில் 20 முதல் 25 விழுக்காட்டுக்கு மேல் பிளாஸ்ட் இருந்தால் நோய் உறுதியாகிறது. வகையை 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' சோதனை பிரித்துக் காட்டும். 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி இணைந்திருந்தால் சிகிச்சையில் இமாடினிப் போன்ற மாத்திரையும் சேரும். தண்டுவட நீரும் சோதிக்கப்படும்.

சிகிச்சை வெகுதூரம் வந்துவிட்டது. 1948இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோய் தற்காலிகமாகவே தணிந்தது. இன்று வசதிமிக்க நாடுகளில் இவ்வகைக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அங்கெல்லாம் முதற்கட்டச் சிகிச்சை முடிந்ததும் மஜ்ஜையை மீண்டும் எடுத்து, பத்தாயிரம் அணுக்களில் ஒரு பிளாஸ்ட் எஞ்சியிருந்தாலும் தேடிப் பிடிக்கிறார்கள்.