காமாலைக்குக் காரணம் தேடிய 35 வருடங்கள்

கண் மஞ்சளாகிவிட்டால் "காமாலை தான், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடி" என்பார்கள். ஆனால் மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயே இல்லை, வெறும் அறிகுறி! ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடினால் கண் மஞ்சளாகும். சிவப்பணுக்கள் அதிகமாக உடைந்தாலும், கல்லீரல் கெட்டாலும், பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் அது கூடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களிலும் பல வகை உண்டு. எது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு டெல்லியில் நடந்த கதையே சாட்சி.

1955-ல் யமுனையில் வெள்ளம் வந்தது. ஆறு திசை மாறியதால் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். அதனால் டைஃபாய்டு பரவவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து, 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி வரை 29,000-க்கும் மேற்பட்டோருக்குக் காமாலை வந்தது. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பிவிட்டது!

தண்ணீரில் பரவியதால் அது ஹெபடைடிஸ் ஏ என்றே எல்லோரும் நம்பினார்கள். அப்போது அதைச் சோதிக்க வழியும் இல்லை. 1973-ல் தான் ஏ வைரஸையே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். அதன்பின் ரத்தப் பரிசோதனை வந்தது. டெல்லி நோயாளிகளின் ரத்த மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1980-ல் அதைச் சோதித்தபோது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை! அதே வருடம் காஷ்மீர் டாக்டர் குரூவும், 1978-ல் அங்கே பரவிய காமாலை ஒரு புது வகை என்று எழுதினார்.

1983-ல் ரஷ்ய விஞ்ஞானி பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கு ஏ வகைக்கு ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருந்தது. இருந்தும் காமாலை வந்தது. 1990-ல் அந்த வைரஸின் மரபணு பிடிபட்டது. இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் இ.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் நிறைமாத கர்ப்பிணிகளுக்கு வந்தால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும். கல் அடைப்பு உள்ளவருக்கோ எவ்வளவு நாள் காத்திருந்தாலும் கல் தானாக நகரும் என்று சொல்ல முடியாது.

சடையங்குப்பம் மாதிரி தாழ்வான இடங்களில் வெள்ளம் புகுந்தால், சாக்கடையும் குடிநீரும் கலக்கும் அதே டெல்லி ஆபத்து தான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது முதல் பாதுகாப்பு. அப்படியும் கண் மஞ்சளானால், மருந்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. டெல்லிக்கு 35 வருடம் கழித்துக் கிடைத்த பதில், இன்று ஒன்றிரண்டு நாளில் கையில் கிடைத்துவிடும்.