பேங்க்கும் மோலும்

ஆங்கில அகராதிகளில் ‘பேங்க்’ பல தனிச்சொற்களாகப் பிரிந்து நிற்கும்: ஆற்றங்கரை ஒன்று, பணம் போடும் இடம் ஒன்று, வரிசையாக அடுக்கியவை ஒன்று. ‘மோல்’ என்பதும் அப்படித்தான்: உடம்பிலுள்ள மச்சம், மண்ணுக்குள் வளை தோண்டும் அகழெலி, துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், வேதியியல் அளவலகு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். வேரைத் தேடிப் போனால் வழி பிரிந்துவிடுகிறது.

பேங்க்கின் பொருள்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மேடு, திட்டு என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல் ஸ்காண்டிநேவியர் வழியே இங்கிலாந்துக்கு வந்து ஆற்றங்கரையானது. அந்தச் சொல்லே உட்காரும் பலகைக்கும் பெயராகி, தெற்கே இத்தாலிக்குப் போனது. இடைக்கால இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுவோர் முன்னால் போட்டிருந்த பலகை ‘பங்கா’. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பணத்தொழிலின் பெயராக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. துடுப்பு வலிப்போர் அமர்ந்த பலகையோ பிரெஞ்சு வழியே வந்து ‘வரிசை’ என்று பொருள் விரிந்தது. ஊரைவிட்டுப் போகாமல் ஆங்கிலத்திலேயே தங்கிய கிளை ‘பெஞ்ச்’. போர்த்துக்கீசியக் கிளை நம்மையும் தொட்டிருக்கிறது: யாழ்ப்பாணத்தார் பெஞ்சைச் சொல்லும் ‘வாங்கு’ அதிலிருந்து வந்ததே. வாங்கில் உட்கார்ந்து பேங்க் பாஸ்புக்கைப் புரட்டும் ஒருவர், பிரிந்துபோன இரு உறவுகளைத் தெரியாமலேயே சேர்த்துவைக்கிறார். எனக்கு இதில் தீராத வியப்பு.

மோலில் இத்தகைய ஒற்றைத் தாய் இல்லை. மச்சத்தைப் பழைய ஆங்கிலம் ‘மால்’ என்றது; ‘ஸ்டான்’ என்ற கல் ‘ஸ்டோன்’ ஆனதுபோல இந்த ஆகாரமும் ஓகாரமாயிற்று. அகழெலிக்கு டச்சுக்காரர் வைத்த பெயர் ‘மொல்’. ஆங்கிலப் பெயர் அதற்கு உறவு. மச்சமும் எலியும் ஒலியால் மட்டுமே ஒன்றுபட்டவை.

ஆனால் மற்ற இரண்டும் உறவுக்காரர்கள்! பெருந்திரள், பாரம் என்று பொருள்படும் லத்தீன் ‘மோலெஸ்’ பிரெஞ்சு வழியே வந்து அலைதடுப்புச் சுவரானது. அதன் சிறுமை வடிவத்தில் பிறந்தது மூலக்கூறைக் குறிக்கும் ‘மாலிக்யூல்’. அதன் ஜெர்மன் வடிவத்தைச் சுருக்கி ‘மோல்’ என்ற அலகைத் தந்தவர் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். கடலைத் தடுக்கும் கல்மலையும் கண்ணுக்குத் தெரியாத துகள்களின் கணக்கும் ஒரே வேரில் நிற்கின்றன.

மோலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எதிரியின் அமைப்புக்குள் நெடுநாள் பதுங்கியிருக்கும் உளவாளி என்ற அந்தப் பொருளை ஜான் லெ காரேயின் 1974 நாவல் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ பரப்பியது. அதற்குத் தனி வேர் கிடையாது. நிலத்தடியில் வளை தோண்டும் அந்த எலியின் பெயரையே மனிதனுக்கும் வைத்தார்கள். அகராதியிலும் அவன் எலியின் பதிவுக்குள்தான் இருக்கிறான்.